பாதியில் நின்ற காலை ஜெபம்

சென்ற டிசம்பரில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு என் கடைசி மகள் காணாமல் போனாள். அப்போது நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

இதைச் சபையில் எழுந்து சொல்லும்படி போதகர் என்னைக் கேட்டார். எழுந்தும் நின்றேன். சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். மறுவாரமும் அப்படியே ஆயிற்று. ஆகவே எழுதித் தருகிறேன். வாசிக்கிறவர்கள் என்னைப் பார்க்க வேண்டாம். அன்றைக்கு என் வீட்டாரைக் கைவிடாத ஆண்டவரைப் பாருங்கள்.

நாங்கள் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் போகிற ஒரு சந்தில் குடியிருக்கிறோம். மாட்டுக் கொட்டகைகள் கூப்பிடு தூரம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். என் மனைவி ஞானம்மாள். மூத்தவள் எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது. கடைக்குட்டி சாராளுக்கு நாலு வயது. அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இவர்கள் இருவருக்கும் நடுவே பிறந்த ஆண் பிள்ளைகள் இருவரையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஒரே மழைக்காலத்தில் இருவரையும் அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகுதான் என் ஜெபம் நீளமானது. யாருடைய பெயரையாவது சொல்லாமல் விட்டுவிட்டால் அவருக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்று எனக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. காலையில் குடும்பமாக முழங்கால் படியிடும்போது முதலில் வீட்டாரைச் சொல்வேன். பிறகு சந்தில் குடியிருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சபையார், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், கடலில் கப்பலில் போகிறவர்கள், ராஜா, ராஜ குடும்பத்தார். அப்புறம் பர்மா, சீயம், சீன தேசம் என்று தேசம் தேசமாகப் போவேன். ஊரில் திருநெல்வேலிப் பக்கத்திலிருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் கடைசியில் வருவார்கள்.

என் வீட்டில் இதைக் கேலி பண்ணாதவர்கள் கிடையாது. அடுப்பில் கஞ்சி கொதித்தால், "அம்மா, அப்பா இப்பத்தான் கப்பல் ஏறியிருக்காங்க, இறக்கி வச்சிட்டு வந்துரலாம்" என்று எஸ்தர் தாயின் காதில் சொல்வாள். எனக்கும் கேட்கும். கேட்காததுபோல் பர்மாவுக்குப் போவேன். சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் காசீம் மரைக்காயர் நாகூர்க்காரர். அவரும் விடமாட்டார். "வாத்தியாரே, நான் அஞ்சு வேளை தொழுவுறதையும் கூட்டிப் பார்த்தேன், உங்க ஒரு வேளைக்குப் பத்தல" என்பார்.

ஜெபத்துக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தேன். நான் ஆமென் சொல்லுகிறவரை ஒருவரும் கண் திறக்கக் கூடாது. பெரியவர்களுக்கே அது கஷ்டம். பாப்பாவுக்கு எப்படி முடியும்? விரலிடுக்கு வழியாகப் பார்ப்பாள். அதற்காக எஸ்தர் அவளை ஏதேதோ சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அவசரம் இல்லாததால் ஜெபம் வழக்கத்தைவிட நீண்டது. ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். இராத்திரியெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. பால்காரர் மாரிமுத்து வழக்கம்போல் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எங்கள் பக்கத்தில் பால் அப்படித்தான். தண்ணீர் கலக்கவில்லை என்று தெரிய, வாசலிலேயே கறந்து கொடுத்துவிட்டுப் போவார். ஜெப நேரத்தில் அவரோடு யாரும் பேசுவதில்லை, அவரும் பொறுத்திருப்பார். அன்றைக்கு இருமிப் பார்த்தார். செருமிப் பார்த்தார். பிறகு பசுவின் கழுத்து மணி மெல்ல நகர்ந்துபோவது கேட்டது. அடுத்த வீட்டில் கறந்துவிட்டு வருவார், நல்லது, இனி இடைஞ்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன். அந்த மணியோசையின் பின்னால்தான் என் பிள்ளை எழுந்து போனாள்.

நான் சீன தேசத்தாருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஞானம்மாள் நடுவில் பேசினாள். எங்கள் கலியாணமான நாளிலிருந்து அவள் ஜெபத்தின் நடுவில் பேசியது இல்லை.

"ஏங்க. பாப்பா எங்க?"

கண்ணைத் திறந்தேன். பாயில் அவள் மண்டியிட்டிருந்த இடம் காலியாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறே முக்கால். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லப்படவில்லை.

முதலில் நான் பயப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கன்றுக்குட்டியென்றால் அவளுக்கு உயிர். மாரிமுத்துவோடு இருப்பாள் என்று அடுத்த சந்துக்குப் போனேன். அவர் ஒரு வீட்டு வாசலில் கறந்துகொண்டிருந்தார். கன்று கட்டியிருந்தது. பக்கத்தில் பிள்ளை இல்லை.

"என் பின்னாடி யாரும் வரலீங்களே ஐயா," என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. "வர்ற வழியில எருமை மந்தை குறுக்க வந்துச்சு. கொட்டகையிலேர்ந்து மேய்ச்சலுக்கு ஓட்டினாங்க. நானே சுவரோட ஒதுங்கித்தான் நின்னேன்."

பால் சொம்பை அப்படியே வைத்துவிட்டு என்னோடு ஓடி வந்தார். மந்தை போன வழியெல்லாம் சேறு. குளம்புத் தடங்களில் மழைத்தண்ணீர் நின்றது. அந்தச் சேற்றை ஒவ்வோர் அடியாகப் பார்த்துக்கொண்டு போனேன். எதைத் தேடிப் பார்த்தேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எதுவும் இல்லை. ஸ்தோத்திரம்.

அதற்குள் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மரைக்காயர் கடையிலிருந்து இறங்கி வந்தார். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. அவர் கடையில் நிற்க இடமில்லாத நாள். வந்தவர்களை அனுப்பிவிட்டுப் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். "வியாபாரம் எங்கயும் ஓடிடாது. நீங்க கால்வாய்ப் பக்கம் பாருங்க வாத்தியாரே. நான் தேக்காச் சந்தைப் பக்கமும் டிராம் ஓடுற ரோட்டையும் பார்த்துட்டு வர்றேன்" என்றார். ஞானம்மாள் வீட்டு வாசலை விட்டு நகரக் கூடாது, பிள்ளை தானாகத் திரும்பி வந்தால் யாராவது இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான்.

எல்லாரும் அப்படி இல்லை. ஜெபம் பண்ணும்போதே பிள்ளையைத் தொலைத்துவிட்டாரே என்று பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். தூங்கும்போது தொலைத்தேனா? சீட்டாடும்போது தொலைத்தேனா? உம்மோடு பேசிக்கொண்டிருக்கையில் தொலைத்தேனே.

மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து ரோச்சோர் கால்வாய் கரை தொட்டு ஓடிற்று. தண்ணீர் நிறமே தெரியவில்லை, சேறாய் ஓடிற்று. பாப்பா மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் மஞ்சளாய் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் வேஷ்டியோடு இறங்கிவிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்தேன். பழுத்த வாழை இலை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். மாரிமுத்து வந்து என்னைக் கரையேற்றினார்.

இனி சொல்லப்போவதைக் கவனமாய் வாசியுங்கள்.

கால்வாயோரத்தில் சீனர்களின் கீரைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கிருந்து காவடியில் கீரை சுமந்து வந்த ஒருவரை நிறுத்தி, எனக்குத் தெரிந்த மலாய் மொழியில், சின்னப் பெண்பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு தமிழ்ப் பிள்ளை தோட்டத்தில் இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அவர் தம் இரண்டு கண்களையும் தொட்டுக் காட்டி, "பூத்தா, பூத்தா" என்றார். குருடு என்று அர்த்தம்.

என் மகளுக்கு நல்ல கண். ஊசியில் நூல் கோக்கத் தாய்க்கு அவள்தான் துணை. அந்தப் பிள்ளை இல்லை என்று கையை ஆட்டிவிட்டு மேலே நடந்தேன். யாரோ பிச்சைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளையாக இருக்கும், பாவம் என்று ஒரு நொடி நினைத்தேன். அவ்வளவுதான்.

போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் தமிழ்க்காரர் ஒருவர் இருந்தார். அடையாளமெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காலையிலிருந்து கண் தெரியாத ஒரு பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு, வேறு தகவல் வரவில்லை என்றார். அது என் பிள்ளை இல்லை என்று இரண்டாம் முறையும் சொன்னேன். ஆண்டவர் பதிலை என் கையில் கொடுத்தார். நான் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தார், மறுபடியும் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது பதினொரு மணிக்கு மேல் ஆகியிருந்தது. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஞானம்மாள் வாசலில், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் ஈரத்தையும் சேற்றையும் பார்த்தாள். உள்ளே பண்டிகைப் பலகாரத்துக்கு ஊறப்போட்ட அரிசி அப்படியே கிடந்தது. எஸ்தர் மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜெபம் பண்ணுங்க," என்றாள் ஞானம்மாள்.

"என்னால முடியலை."

அது உண்மை. உலகத்தின் எல்லா தேசங்களையும் பெயர் சொல்லி ஜெபிக்கிற எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. காலையிலிருந்து என் வாயில் இருந்தது ஒரே சொல். பாப்பா, பாப்பா என்று தெருத்தெருவாய்க் கூப்பிட்டது மட்டும்தான். அதையும் ஆண்டவர் ஜெபமாக எடுத்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு புரிந்துகொண்டேன்.

"அப்ப நான் பண்றேன்," என்றாள். "கண்ணை மூட மாட்டேன். ரோட்டைப் பார்த்துக்கிட்டேதான் பண்ணுவேன்."

தூணைப் பிடித்த கையை எடுக்காமல், மழையைப் பார்த்தபடி பேசினாள். "ஆண்டவரே, எங்க கண்ணு மூடியிருந்தப்ப எங்களுக்குத் தெரியாமப் போச்சு. உம்ம கண்ணு மூடல. அவ எங்க இருக்கான்னு உமக்குத் தெரியும். அங்கயே அவகூட இரும்." அவ்வளவுதான் அந்த ஜெபம். என் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்குள் அது முடிந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டபோது, எழும்பி எழும்பி அடித்துக்கொண்டிருந்த என் நெஞ்சு முதல் தடவையாக ஒரு நிலைக்கு வந்தது. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று அல்ல. அவள் தனியாக இல்லை என்று.

அன்புள்ளவர்களே, இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிட்டால் என்னால் வேறெதுவும் சொல்ல முடிவதில்லை. ஆகவே சொல்ல வேண்டிய மற்ற எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

பாப்பா உயிரோடு, சுகமாக இருக்கிறாள். இதை எழுதுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து என் மைக்கூட்டை உருட்டப் பார்க்கிறாள். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. மந்தைக்கும் வெள்ளத்துக்கும் டிராமுக்கும் நடுவே ஒரு நாலு வயதுக் குழந்தையை ஆண்டவர் நடத்திக்கொண்டு போனார். கூட யார் போனார்கள்? நான் போகவில்லை. அவர் போனார். வெற்றி அவருடையது, எங்களுக்கு அதில் பங்கில்லை.

எங்கள் வீட்டில் இப்போது காலை ஜெபம் மாறியிருக்கிறது. சுருக்கமாய் ஜெபிக்கிறேன். பாப்பா என் மடியில் இருப்பாள். நாளுக்கு ஒருவர் கண் திறந்திருக்க வேண்டும். அதற்கு முறை வைத்திருக்கிறோம். என் முறை வரும் நாளில் எல்லார் முகத்தையும் பார்க்கிறேன். மூடிய கண்களோடு என் மனைவியும் மக்களும் ஆண்டவர் முன் இருக்கிற அழகை இத்தனை வருஷமும் நான் பார்த்ததே இல்லை. பெயர் சொல்லாமல் விட்டவர்களை அவர் மறந்துவிடுவார் என்ற பயம் என்னை விட்டுப் போயிற்று. முழுக்கப் போயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் பசுவின் மணியோசை கேட்டால் என் கை பாப்பாவின் தலையைத் தேடும். தேடினாலும், கண்ணை மூடிக்கொள்ள இப்போது எனக்குத் தைரியம் இருக்கிறது.

சீன தேசத்தை மட்டும் விடவில்லை. அதற்காக ஜெபிக்கும்போது இப்போது எனக்கு ஒரு முகம் தெரிகிறது. அந்த முகத்துக்குரியவர் பண்டிகையன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மரைக்காயர் வீட்டாரும் வந்திருந்தார்கள். மாரிமுத்து பால் கொண்டுவந்து, பாயசம் குடித்துவிட்டுப் போனார். "ஐயா இன்னைக்கு ஜெபத்தைச் சீக்கிரம் முடிச்சிட்டாரே, உடம்பு சரியில்லையா?" என்று எஸ்தரிடம் கேட்டாராம்.

உங்களில் யாருக்காவது இன்று வாய் திறந்து ஜெபிக்க முடியாமல் இருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். கப்பல் ஏறிப் போனவரிடமிருந்து செய்தி வராமல் இருக்கலாம். வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. அந்தப் பெயரை மட்டும் கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். பதில் வரும்போது நீங்கள் நினைத்த முகத்தோடு வராமல் இருக்கலாம். இது என்னுடையது இல்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். நின்று, கிட்டப் போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்குப் பதிலாக ஒருவர் போய்ப் பார்த்தார்.

கோட்டை மலையில் பகல் பன்னிரண்டு மணிப் பீரங்கி வெடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மழைக்குள்ளே சந்து முனையில் ஆள் வருவது தெரிந்தது. முதலில் ஞானம்மாள்தான் பார்த்தாள். அவள்தான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மரைக்காயர் வந்தார். அவர் தோளில் மஞ்சள் சட்டை. பின்னால் அகன்ற ஓலைத் தொப்பி வைத்த ஒரு சீனக் கிழவி, பிள்ளையின் தலை நனையாதபடி ஒரு சேம்பிலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரைக்காயரின் வேகத்துக்கு ஓட்டமும் நடையுமாய் வந்தாள்.

நான் பிள்ளையை வாங்கினேன். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இருந்தது. ஆனால் கண்கள் மூடியிருந்தன. தூங்குகிறவளின் கண் மாதிரி இல்லை. இறுக்கி, இமைகள் சுருங்கும்படி மூடியிருந்தன. இரண்டு கைகளும் கூப்பியபடி இருந்தன. எஸ்தர் கூப்பிட்டாள். திறக்கவில்லை. ஞானம்மாள் இமைகளின் மேல் முத்தமிட்டாள். திறக்கவில்லை. கீரைக்காரர் தம் கண்களைத் தொட்டுக் காட்டியது எனக்கு நினைவு வந்தது. பிள்ளையோடு அந்த நடைபாதையிலேயே மண்டியிட்டுவிட்டேன். கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன்.

மரைக்காயர் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தாடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"பயப்படாதீங்க வாத்தியாரே, கண்ணுல ஒண்ணுமில்ல," என்றார். "குருட்டுப் புள்ளை ஒண்ணு தோட்டத்துல கிடக்குன்னு சொன்னாங்க. யாரு பெத்த புள்ளையா இருந்தாலும் யாரோ தேடிக்கிட்டுத்தான இருப்பாங்கன்னு பார்க்கப் போனேன். இந்த அம்மா மடியில வச்சிக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்திச்சு. மரைக்கார் மாமா வந்திருக்கேன், கண்ணைத் தொறம்மான்னா மாட்டேங்குது. ஜெபத்துல கண்ணைத் தொறந்தா எல்லாரும் மறைஞ்சு போயிடுவாங்கன்னு அக்கா சொல்லியிருக்காம். தொறந்துச்சாம், எருமை வந்துச்சாம், அப்பாவைக் காணோமாம். அதான் மறுபடி மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்திருக்கு. நீங்க இன்னும் ஆமென் சொல்லலையாமே. சொல்லிடுங்க, வாத்தியாரே."